டிக்ரி வந்துவிட்டது, பணம் வரவில்லை: சட்டக் கேள்வி-பதில்

தக்காளி விலை விழுந்து நொடித்துப்போன விவசாயி மேல் 60,000 ரூபாய்க்கு டிக்ரி (பணம் தரச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) வாங்கியிருக்கிறேன். வீட்டையும் கறவை மாட்டையும் ஜப்தி செய்யலாமா?
(பாலக்கோடு வாசகர்)

அந்த வழியில் போகாதீர்கள். விவசாயி குடியிருக்கும் வீடு, உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட் கருதும் மாடு, விதைத் தானியம் இவற்றை ஜப்தி செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு விடாது. சமையல் பாத்திரத்தையும் தொட முடியாது. ஜப்திக்குப் போகும் கோர்ட் ஊழியரான அமீனா போய்த் திரும்பிய செலவுதான் மிஞ்சும்.

அவரால் முடியவில்லையா, மனசில்லையா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டிக்ரி ஆகி 30 நாள் கடந்தும் பணம் வராவிட்டால், அவர் தன் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று கேட்டு மனு போடலாம். உத்தரவை மீறினால் 3 மாதம் வரை சிவில் சிறை உண்டு. மண்டிக்காரர் அவருக்குப் பாக்கி வைத்திருந்தால் அந்தப் பணத்தையே ஜப்தி செய்யலாம். நம் பக்கத்தில் அவருக்கு வர வேண்டிய மாந்தோப்புக் குத்தகைப் பணமும் இப்படித்தான். பலரும் இதை யோசிப்பதே இல்லை.

உண்மையிலேயே கையில் ஒன்றும் இல்லையென்றால், அறுவடைக்கு அறுவடை தவணை என்று எழுத்தில் பேசி முடியுங்கள். டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. நொடித்தவர் எழுந்து நிற்க அது போதுமான காலம்.

ஜெயிலில் போட்டால் பணம் வருமா?
(போச்சம்பள்ளி)

வசதி இருந்தும் ஏமாற்றுபவரிடம் வரலாம். இல்லாதவரை இல்லாமைக்காகச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நியாயமான தீர்ப்பு. பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

கடன்காரர் ஓசூர் கம்பெனியில் வேலை செய்கிறார். சம்பளத்தில் பிடிக்கலாமா?
(தேன்கனிக்கோட்டை)

பிடிக்கலாம். முதல் 1,000 ரூபாயை விட்டுவிட்டு, மீதியில் மூன்றில் ஒரு பங்கு. சம்பளம் 25,000 என்றால் மாதம் 8,000 வரை. ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான் பிடிக்க முடியும். அவர் கூலித் தொழிலாளி என்றால் கூலியைத் தொட முடியாது. பி.எஃப். பணமும் அப்படியே.

கடன் வாங்கியவர் மஞ்சள் நோட்டீஸ் (திவால் நோட்டீஸ்) அனுப்பிவிட்டார். எல்லாம் போச்சா?
(அரூர்)

இல்லை. நோட்டீஸ் வந்ததாலேயே கடன் அழியாது. கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவித்த பிறகுதான், அனுமதி இல்லாமல் நீங்கள் தனியாக வசூலிக்க முடியாமல் போகும். அப்போதும் உங்கள் கடனை அங்கே நிரூபித்துப் பங்கு கேட்கலாம். உடனே வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். திவால் மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் காசு வாங்காமல் மனைவி, மகன் பெயருக்கு நிலம் மாறியிருந்தால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வழி இருக்கிறது.

நான் கடன் பட்டவன். மாதாமாதம் கையில் கொடுக்கிறேன், அவர் ரசீது தருவதில்லை.
(காவேரிப்பட்டினம்)

ஐயா, இன்றோடு அதை நிறுத்துங்கள். வெளியில் கொடுத்த பணம் கோர்ட்டில் பதிவாகாவிட்டால், டிக்ரியை நிறைவேற்றக் கேட்டு அவர் போடும் மனுவில் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பதிவு செய்யக் கேட்க உங்களுக்கு 30 நாள்தான் அவகாசம், அதற்கும் எழுத்து ஆதாரம் வேண்டும். இனி வங்கி வழியாக அனுப்புங்கள், அல்லது கோர்ட்டிலேயே கட்டுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள்.