ஓடைக்கரையில் ஓர் ஆமை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வசிக்கும் வாசகர்கள் வுட் டர்ட்டில் ஆமையைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டுப் பாதையில் ஓர் ஆமையைப் பார்த்தோம். கழுத்து ஆரஞ்சு நிறம். பாக்ஸ் டர்ட்டில் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, நியூ ஜெர்சி

நிறத்தை விட்டுவிட்டு முதுகு ஓட்டைப் பாருங்கள். பாக்ஸ் டர்ட்டிலின் ஓடு கவிழ்த்த கிண்ணம் மாதிரி உருண்டு உயர்ந்திருக்கும். அடி ஓட்டில் கீல் இருப்பதால், பயந்தால் முழுக்க மூடிக்கொள்ளும். வுட் டர்ட்டிலுக்குக் கீல் கிடையாது. அதன் ஓடு தாழ்வானது, பழுப்பு நிறம். ஒவ்வொரு தகடும் தனித்தனியாகக் கூம்பி நிற்கும், அதைச் சுற்றி வரிவரியாக வளையங்கள் இருக்கும். தடவினால் சொரசொரக்கும். அடி ஓடு மஞ்சள், ஒவ்வொரு தகட்டின் வெளிமூலையிலும் ஒரு கருந்திட்டு. தலை கறுப்பு, கழுத்தும் முன்கால்களின் உட்புறமும் உங்கள் பகுதியில் ஆரஞ்சு அல்லது செங்கல் சிவப்பாக இருக்கும், மேற்கே கிரேட் லேக்ஸ் என்னும் பேரேரிகள் பகுதியில் மஞ்சளாக இருக்கும். வளர்ந்த ஆமை 15 முதல் 20 செ.மீ. நீளம், எடை சுமார் ஒரு கிலோ. அடி ஓடு உள்வாங்கி, வால் தடித்திருந்தால் ஆண்.

வளையங்களை எண்ணி வயது சொல்வது 15, 20 வயது வரைதான் சரிவரும். அதற்குப் பிறகு ஓடு தேய்ந்து வழவழப்பாகிவிடும்.

ஓடையில் வாழும் ஆமை என்று படித்தேன். ஜூலையில் புல்வெளியில் திரிகிறதே, வழி தவறிவிட்டதா? ஓடையில் கொண்டுபோய் விடலாமா? – வாசகர், மாசசூசெட்ஸ்

வேண்டாம், அது சரியான இடத்தில்தான் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் ஓடையின் அடியில், விழுந்து கிடக்கும் மரத்தின் கீழோ அரிக்கப்பட்ட கரையின் அடியிலோ கிடக்கும். மணலும் கூழாங்கல்லும் கொண்ட, தெளிந்த ஓடுநீர்தான் அதற்கு வேண்டும். ஓடும் நீர் அடிவரை உறையாது, பிராணவாயுவும் குறையாது. ஏப்ரல் வாக்கில் கரையேறி வெயில் காயும். கோடையில் நிலத்தில் மேயும். பெரும்பாலும் ஓடையிலிருந்து 300 மீட்டருக்குள்தான். காளான், காட்டு ஸ்ட்ராபெர்ரி, இலை, நத்தை எல்லாம் தின்னும். மண்புழு பிடிக்கும் விதம் பார்க்க வேண்டிய ஒன்று: நின்ற இடத்தில் இடது, வலது என்று முன்கால்களை மாற்றி மாற்றித் தரையில் தட்டும். அதிர்வில் புழு மேலே வந்ததும் கவ்விவிடும்.

சாலையைக் கடக்கும் ஆமையைக் கண்டால்? – வாசகர், கனெக்டிகட்

முதலில் உங்கள் பாதுகாப்பு. வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். முன்கால், பின்கால்களுக்கு நடுவே ஓட்டின் இருபக்கமும் இரண்டு கைகளாலும் பிடியுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு அடிபடும். தரையை ஒட்டியே தூக்கிச் செல்லுங்கள். கால் உதைத்தால் நழுவும். எந்தத் திசை நோக்கிப் போனதோ அந்தப் பக்க ஓரத்தில் விடுங்கள். வந்த பக்கமே விட்டால் மறுபடி கடக்கும். மே, ஜூனில் கடப்பது பெரும்பாலும் முட்டையிடப் போகும் பெண் ஆமை. "நல்ல இடம்" பார்த்து வேறு ஓடையில் விடுவது பெரிய கெடுதல். பழகிய எல்லையைத் தேடி அது மேலும் பல சாலைகளைக் கடக்கும்.

படம் எடுத்தால் மாநில வனவிலங்குத் துறைக்கு அனுப்புங்கள். சமூக ஊடகத்தில் இடத்தோடு போடாதீர்கள். செல்லப்பிராணிச் சந்தைக்கு ஆமை பிடிப்பவர்கள் இப்படிப்பட்ட பதிவுகளைத்தான் தேடுகிறார்கள்.

எங்கள் வீட்டுச் சரளைப் பாதையில் ஆமை முட்டையிட்டது. ரக்கூன் (முட்டை தின்னும் வட அமெரிக்க விலங்கு) தோண்டிவிடாமல் காப்பது எப்படி? – வாசகி, நியூ ஹாம்ப்ஷயர்

மாநில வனவிலங்குத் துறைக்கு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள், அனுமதி வேண்டியிருக்கும். தாமதம் கூடாது, ஏனென்றால் ரக்கூன் பெரும்பாலும் முதல் சில இரவுகளிலேயே மோப்பம் பிடித்துவிடும். முட்டைகளைத் தோண்டி இடம் மாற்றவே மாற்றாதீர்கள். முட்டை புரண்டால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு செத்துவிடும்.

இரண்டடிக்கு இரண்டடி மரச்சட்டம் ஒன்று செய்யுங்கள். மேலே அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலையை ஆணியடித்து, கூடு நடுவில் வரும்படி வைத்து, நான்கு மூலைகளிலும் கனமான கல்லோ கூடார முளையோ கொண்டு அசையாமல் நிறுத்துங்கள். இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, மேலே பலகை போட்டு மூடுவது: வெயில் படாமல் மண் குளிர்ந்து, பொரிப்பு தள்ளிப்போய்ப் பனிக்காலம் வந்துவிடும். மற்றது, வெளியேற வழி வைக்காதது. குஞ்சு சுமார் மூன்றரை செ.மீ. இருக்கும், வலைக்கண்ணில் நுழைய முடியாது. வெயிலில் வதங்கிச் சாகும். சட்டத்தின் அடியில், தரையோடு ஒட்டி, இரண்டு பக்கங்களிலாவது 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்துக்குத் துளை போடுங்கள்.

சுமார் இரண்டு மாதத்தில், ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பொரியும். அக்டோபர் தொடக்கம் வரை கூண்டை எடுக்காதீர்கள். முட்டைகள் பொதுவாக 8 முதல் 11 வரை இருக்கும், வருடத்துக்கு ஒரு தடவைதான். பல ஆமைகளில் மண்ணின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். இதில் அப்படி இல்லை, பாலினம் கரு உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது.

ஓடையோரத்தில் தீவனப்புல் வெட்டுகிறோம். ஆமை அடிபடாமல் இருக்க? – வாசகர், வெர்மான்ட்

சத்தம் கேட்டால் ஓடாது, அப்படியே பதுங்கும், அதுதான் ஆபத்து. வெட்டும் உயரத்தை ஏழு அங்குலமாவது வைக்கவும். சுழலும் தட்டு இயந்திரத்தைவிட, கத்தரிபோல் அசையும் நீள்கத்தி இயந்திரம் மேல். ஓடைக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி ஓடையை நோக்கி வாருங்கள். கரையோரப் பட்டையை நவம்பர் முதல் மார்ச் வரை, ஆமை நீருக்குள் இருக்கும்போது வெட்டிக்கொள்ளலாம்.

முட்டைகளைக் காத்தால் போதாதா? – அதே வாசகர்

போதாது. இந்த ஆமை முட்டையிடத் தகுதி பெறவே 12 முதல் 18 ஆண்டுகள் ஆகும். பிறகு பல பத்தாண்டுகள் முட்டையிட்டால்தான், பிழைக்கும் ஒன்றிரண்டு குஞ்சுகள் பெற்றோரின் இடத்தை நிரப்பும். ஆகவே வருடத்துக்கு இரண்டு, மூன்று பெரிய ஆமைகளை இழந்தாலும் கூட்டம் சரியும். கனெக்டிகட்டில் 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 1995-இல் வெளியானது. பொதுமக்களுக்கு மூடியிருந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஆமைகள் நிலையாக இருந்தன. 1983-இல் நடைபயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். பத்து ஆண்டுகளில் அங்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. "ஒன்றே ஒன்று" என்று வீட்டுக்கு எடுத்துப்போவதை எங்களால் சின்ன விஷயமாக நினைக்க முடிவதில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

சென்னையில் இதை வாங்கி வளர்க்கலாமா? – வாசகர், சென்னை

வேண்டாம். 1992 முதல் இது, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி, சைட்டிஸ் பட்டியல் விலங்கு எதை வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். காகிதம் இல்லாமல் யாராவது விற்க முன்வந்தால், அது காட்டிலிருந்து திருடியதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.