நெற்றியில் இரண்டு சில்லு, இரண்டு கணக்கு

கேள்வி: சிடி பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஹெலிக்கல் முறையில் (ட்யூப் சுற்ற, டேபிள் நகர்ந்துகொண்டே இருக்கும்) தலை ஸ்கேன் எடுத்தபோது, நோயாளியின் நெற்றியில் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு மேலும் கீழுமாக இரண்டு டிஎல்டி சில்லுகளை (பட்ட கதிர்வீச்சைச் சேமித்து, பிறகு சூடாக்கினால் ஒளியாகக் காட்டுபவை) ஒட்டினேன். ஒன்று 52 மில்லிகிரே (கதிர் டோஸின் அலகு) காட்டியது, மற்றது 38. திரையில் சிடிடிஐ (ஸ்கேனர் தரும் டோஸ் குறியீடு) 55 என்று வந்தது. எதை நம்புவது?

பதில்: மூன்றுமே சரியாக இருக்கலாம்.

திரையில் வந்த 55 உங்கள் நோயாளியிடம் அளந்ததே இல்லை. 16 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் உருளையில் பென்சில் சேம்பரை (பென்சில் வடிவக் கதிர்வீச்சு அளவியை) நுழைத்து எடுத்த சராசரி அது. நடுத்துளைக்கு மூன்றில் ஒரு பங்கு, ஓரத்துளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அந்த ஓரத்துளையும் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளேதான். தோலின் பேச்சே அதில் கிடையாது.

சரி, சில்லுகள் ஏன் ஒத்துப்போகவில்லை? கதிர்க்கற்றை விசிறி போல விரிகிறது. மெஷினின் மையத்தில் சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல் பொருந்தும் கற்றை, ட்யூபுக்கு அருகில் இருக்கும் நெற்றியில் குறுகலாக விழும். அதனால் தோலில் டோஸ் வரிவரியாக ஏறி இறங்கும். உங்கள் சில்லு வெறும் 3 மி.மீ. ஒன்று மேட்டில் உட்கார்ந்தது, மற்றது பள்ளத்தில். அடுத்த நோயாளிக்கு ட்யூப் வேறு கோணத்தில் தொடங்கினால் இடமே மாறிவிடும். நானாக இருந்தால் தலை-கால் திசையில் நீளமாக ஒரு ரேடியோகுரோமிக் ஃபிலிம் (கதிர் பட்டால் நிறம் மாறுவது) பட்டையை ஒட்டுவேன். வரி கண்ணுக்கே தெரியும். ஃபிலிம் இல்லையா? ஏழெட்டுச் சில்லுகளை வரிசையாக ஒட்டி, உச்சத்தையும் சராசரியையும் தனித்தனியே எழுதுங்கள்.

அப்புறம், சில்லுகளை எந்தக் கதிரில் காலிபரேட் செய்தார்கள் (அளவு சரிபார்த்தார்கள்) என்று கேளுங்கள். கோபால்ட்-60இன் உயர் ஆற்றல் காமா கதிர் என்றால், சிடியின் குறைந்த ஆற்றலில் லித்தியம் ஃபுளோரைடு சில்லு சுமார் 30 சதவீதம் கூட்டிக் காட்டும். நீங்கள் சட்டையில் குத்தும் பேட்ஜின் கால்சியம் சல்பேட் இன்னும் மோசம். அதை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

உங்கள் நோயாளிக்குப் பயமில்லை. தோல் தற்காலிகமாகச் சிவக்கவே சுமார் 2 கிரே (2000 மில்லிகிரே) வேண்டும், முடி கொட்ட 3. ஆனால் மூளைப் பெர்ஃப்யூஷன் (ரத்த ஓட்டம் பார்க்கும்) ஸ்கேனில் டேபிள் நகராமல் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனை ஒன்றில் 206 பேருக்கு 0.5 கிரேக்குப் பதில் 3 முதல் 4 கிரே போனது 2009இல் வெளியானது. சிலருக்கு முடி கொட்டியது. இந்த வகை ஸ்கேனில் திரையில் வரும் சிடிடிஐ தோல் டோஸைவிடக் கூடுதலாகவே இருக்கும், டேபிள் நகராதபோது இல்லாத, பக்கத்துச் சுற்றுகளின் சிதறலையும் சேர்த்துக் கணக்கிடுவதால். அந்த ஸ்கேனில் கற்றையின் நட்டநடுவில் ஒரே ஒரு சில்லு ஒட்டினாலே போதும்.