மெஷினே எல்லாம் காட்டும்போது நர்ஸ் எதற்கு மூச்சை எண்ண வேண்டும்?

நர்சிங் முதல் வருடம் படிக்கிற தங்கை கேட்டிருப்பது இதுதான்: "வார்டில் மெஷினை மாட்டினால் பிபி, பல்ஸ், ஆக்சிஜன் எல்லாம் அதுவே காட்டுது. அப்புறம் எதுக்கு ஒரு நிமிஷம் நின்னு மூச்சை எண்ணச் சொல்றாங்க?"

நான் கம்பத்துக்காரி. மலையேறினால் வரும் கேரளத்துக் குமுளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏலத்தோட்ட வேலைக்கு விடிகாலை ஜீப்பில் அடைந்து வருகிற நம்மூர் ஆட்கள். நீங்கள் சொன்ன மெஷினில் எதுவும் பெரிதாக அசையாதபோதே மூச்சு மாறிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்தேன், ஆனால் ஒரு அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். "அசதியா வருது சிஸ்டர், ரெண்டு தடவை வாந்தி" என்றார். காய்ச்சல் இல்லை. பிபி 110/70, ஆக்சிஜன் 98. பல்ஸ் 104, அதை ஜீப்பில் வந்த களைப்பில் சேர்த்துவிட்டேன். மூச்சுக் கட்டத்தில் 20 என்று எழுதினேன். எண்ணவே இல்லை. எந்த வார்டிலும் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், வரிசையாக 20, 20, 20 என்று இருக்கும். ஆறு பெட்டில் ஆறு பேரும் சொல்லிவைத்தாற்போல் மூச்சு விடமாட்டார்கள்.

ரவுண்டு வந்த சீனியர் சேச்சி கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு, "நீ எண்ணியோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவரே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். 32. ஓடி வந்தவர் வாங்குகிற மாதிரி ஆழமான மூச்சு, ஆனால் ஆள் படுத்திருக்கிறார். சுகர் பார்த்தால் 468, யூரினில் கீட்டோன் என்கிற அமிலப்பொருள். காலில் முள் குத்திய புண், அதோடு இன்சுலினையும் பத்து நாளாக விட்டிருக்கிறார். ரத்தத்தில் அமிலம் ஏறியதும் கரியமில வாயுவை வெளியே தள்ளுவதற்காக உடம்பு மூச்சைக் கூட்டுகிறது. நுரையீரலில் கோளாறு இல்லை, அதனால் விரலில் மாட்டிய மெஷின் 98 என்றேதான் காட்டும். குசுமால் மூச்சு என்று படிப்பீர்களே, அது இதுதான். தேனி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம், பிழைத்தார். சேச்சி என் 20-ஐ ஒரு கோடு போட்டு அடித்து, 32 என்று எழுதி இனிஷியல் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை சரி. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய, நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்று எடைபோடுகிற 'நியூஸ்' மதிப்பெண் முறையில் மூச்சு 25-ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3 புள்ளி. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டாக வேண்டும்.

எண்ணப் போவதை மட்டும் நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னதும் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்து, கையை வயிற்றின்மேல் வைத்து, பல்ஸை எண்ணி முடித்தபின்பும் விடாமல் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். போர்வை இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். மார்பில் லீட் ஒட்டுகிற மானிட்டர் மூச்சையும் காட்டும்தான், ஆனால் ஆள் புரண்டாலோ பேசினாலோ அது தப்பும்.

பிபியில் எங்கள் பக்கத்துத் தொல்லை வேறு. தோட்டத்துப் பெண்கள் சேலைக்குமேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். அதைச் சுருட்டி மேலே ஏற்றினால் புஜத்தில் கயிறு கட்டின மாதிரி இறுக்கும், அளவும் தப்பும். சட்டையைக் கழற்றச் சொல்லிவிடுங்கள். வாயில் வெற்றிலை புகையிலை இருந்தால் துப்பச் சொல்லி அரை மணி நேரம் உட்காரவையுங்கள். குளிரில் விறைத்த விரலில் ஆக்சிஜன் அளவும் குறைத்துக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.

காய்ச்சலுக்கு மலையாளத்தில் பனி. புது டாக்டர் "பனி உண்டோ?" என்று கேட்க, நம்ம அக்கா ஒருத்தர் "ஆமா சார், விடியக்காலைல எதிர்ல ஆள் தெரியாது" என்றார். தெர்மாமீட்டரை வைத்துவிட்டுத்தான் நான் சிரித்தேன்.

இன்னொன்று, தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வருகிறவர்கள். வேர்த்துக் கொட்டி, எச்சில் வடிந்து வந்து நிற்கிற ஆளுக்குப் பல்ஸ் ஓட வேண்டும் என்று நினைப்போம். 48 என்று காட்டினால் மெஷினைச் சந்தேகப்படாமல் டார்ச் அடித்துக் கண்ணைப் பாருங்கள். கருவிழியின் நடுவிலிருக்கும் பாப்பா குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தால் ஆர்கனோபாஸ்பேட் என்கிற பூச்சிமருந்து விஷம் என்றே நினைத்துக்கொண்டு ஓடுங்கள். எல்லாருக்கும் பல்ஸ் இறங்காது, சிலருக்கு ஏறவும் செய்யும், ஆகவே பல்ஸை மட்டும் நம்பாதீர்கள். துணியில் இருக்கிற மருந்து உங்கள்மேலும் படும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

செகண்ட் முள் உள்ள வாட்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். செல்போனை எடுத்து எண்ணினால் வாட்ஸ்அப் பார்ப்பதாகத்தான் நினைப்பார்கள்.