வழியில் நிறுத்திப் படம் எடுக்க: தமிழ்நாட்டின் விநோத அடையாளங்கள் – வாசகர் கேள்வி பதில்

சென்னையிலிருந்து காரில் கன்னியாகுமரி வரை போய்த் திரும்பத் திட்டம். நான்கு பேர், ஆறு நாள். எல்லோரும் எடுக்கும் கோபுரம், கடற்கரை தவிர, 'இது எங்கே இருக்கிறது?' என்று பார்ப்பவர் கேட்கும்படியான இடங்களைச் சொல்லுங்கள். – வாசகர், அம்பத்தூர்

போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை, திரும்பும்போது உள்நாட்டு நெடுஞ்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாமல்லபுரம் பார்த்துவிட்டுத் தரங்கம்பாடியில் தங்கல். இரண்டாம் நாள் மனோரா, அங்கிருந்து பேராவூரணி, கீரமங்கலம் வழியாக உள்ளே திரும்பிக் குளமங்கலம் அய்யனார் குதிரை, இரவு ராமேஸ்வரம். மூன்றாம் நாள் காலை தனுஷ்கோடி, மாலைக்குள் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காடு (செம்மணல் மேடுகள்). நான்காம் நாள் கடலோர ஊரான மணப்பாடு, முப்பந்தல் காற்றாலைகள், கன்னியாகுமரி. ஐந்தாம் நாள் மாத்தூர் தொட்டிப் பாலம் (தண்ணீர் கொண்டுபோகும் உயரமான பாலம்), இரவு கோவில்பட்டி. ஆறாம் நாள் கழுகுமலை. ஏழாம் நாள் பெரம்பலூர் சாத்தனூரில் கல்மரம், பிறகு வீடு.

ஏழு நாள் ஆகிவிட்டது, பாருங்கள். ஆறு நாள்தான் முடியும் என்றால் மாத்தூரை விட்டுவிடுங்கள், தேரிக்காட்டை மட்டும் விடாதீர்கள். புதுச்சேரி தாண்டிய பிறகு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போட வேண்டாம். ஊருக்கு ஊர் வேகத்தடையும் ஆட்டு மந்தையும் உண்டு. திட்டம் கெடுவது பெரும்பாலும் தூரத்தால் அல்ல. நண்பகல் வெயிலில் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, நல்ல வெளிச்சம் வரும்போது அடுத்த ஊருக்கு ஓடிக்கொண்டிருப்பதால்தான். ஒவ்வொரு இடத்துக்கும் அதற்குரிய நேரம் எது என்று முதலில் குறித்துக்கொண்டு, மதிய நேரத்தைச் சாலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டைக் கல்லை எப்படி எடுத்தாலும் சாதாரணப் பாறை மாதிரியே விழுகிறது. நேரில் பார்க்கும்போது இருக்கும் அந்தப் பயம் படத்தில் வருவதில்லையே? – வாசகி, தாம்பரம்

கல்லுக்கு நேர் கீழே நின்று மேல்நோக்கி எடுப்பதுதான் காரணம். கீழிருந்து பார்த்தால் சரிவு தெரியாது, சரிவு தெரியாவிட்டால் அது வெறும் உருண்டைப் பாறைதான். பக்கவாட்டுக்குப் போங்கள். பாறைச் சரிவின் கோடு படத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இறங்க வேண்டும், கல்லுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் வானம் தெரிய வேண்டும். சுமார் 20 அடி உயரம், 250 டன் எடை என்று சொல்லப்படும் கல் நான்கடி அளவு இடத்தில்தான் தரையைத் தொடுகிறது. படத்தில் காட்ட வேண்டியது அந்த இடுக்கைத்தான்.

செல்போன் கேமராவில் கட்டக்கோடுகளை ('கிரிட்') போட்டுக்கொண்டு, தூரத்தில் தெரியும் கட்டடமோ கம்பமோ நிமிர்ந்து நிற்கும்படி பிடியுங்கள். போனைச் சற்றே சாய்த்தாலும் சரிவு மட்டமாகி, கல் பத்திரமாக உட்கார்ந்திருப்பதுபோல ஆகிவிடும். கல்லைக் கையால் தாங்குகிற 'போஸ்' வேண்டாம். ஆளைக் கல்லின் நிழலில் சும்மா உட்கார வைத்தாலே அளவு புரியும்.

அதிகம் பேர் எடுக்காத படம் ஒன்று உண்டு. கல்லின் பின்பக்கம் மேல்பகுதி சிதைந்து போயிருப்பதால், அங்கிருந்து பார்த்தால் அது பாதி உருண்டைதான். முன்பக்கப் படத்தையும் பின்பக்கப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கல் என்று நம்ப மாட்டார்கள். 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொல்லியும் கல் அசையவில்லை என்பது ஊரறிந்த கதை. கூட்டம் சேரும் முன், காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

தனுஷ்கோடியில் எடுத்த படங்கள் எல்லாம் பனி மூடியதுபோல மங்கல். கூடவே கார் மணலில் சிக்கி இரண்டு மணி நேரம் போயிற்று. மறுபடி போகிறோம். – வாசகர், திண்டுக்கல்

மங்கலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஏ.சி. காரில் குளிர்ந்த லென்ஸ் கடற்காற்றில் பட்டதும் வியர்த்துவிடும். போய்ச் சேர 20 நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டால் இது வராது. இரண்டாவது, உப்பு. இரண்டு பக்கமும் கடல் உள்ள இடத்தில் அரை மணி நேரத்திலேயே லென்ஸ் மேல் உப்புப் படலம் படியும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் கூடவே ஒட்டியிருக்கும் மணல் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் (காற்றுப் பீய்ச்சும் ரப்பர் குமிழ்) மணலை ஊதித் தள்ளுங்கள். பிறகு குடிநீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி உப்பைக் கரைத்து எடுங்கள். கடைசியில்தான் உலர்ந்த துணி. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் அது இன்னொரு கறை. லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுங்கள்.

கார் விஷயம்: முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான சுமார் 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. அது நல்ல சாலைதான். சிக்குவது எல்லாம் ஓரமாக நிறுத்தச் சக்கரத்தை மணலில் இறக்கும்போதுதான். நான்கு சக்கரமும் தாரில் இருக்கும்படி, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். சிக்கிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டும். எல்லோரும் இறங்குங்கள். ஓட்டும் சக்கரங்களுக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் வாரி, காரின் கால்மிதி விரிப்பைச் செருகுங்கள். டயர் காற்றை 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20 அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று பிடிக்கும். இரண்டாம் கியரில் மெதுவாக வெளியே வாருங்கள். காற்று நிரப்பும் சிறு பம்பு காரில் இருந்தால்தான் இதைச் செய்யலாம்.

என்ன எடுப்பது? 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அழிந்த ஊர் அது. தேவாலயத்தின் சுவரை எல்லோரும் முழுசாக எடுக்கிறார்கள். நீங்கள் ஒரு முழ தூரத்துக்குப் போய்ப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் தெரிவது செங்கல் மட்டுமல்ல, பவளப்பாறைத் துண்டுகள். சிலவற்றில் வளைந்து வளைந்து ஓடும் வரிகள், சிலவற்றில் ஊசி குத்தியதுபோல நெருக்கமான துளைகள். சாய்ந்த காலை வெயில் சுவரை உரசிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு துளையும் தெரியும். சுவரில் ஏறாதீர்கள், சாயாதீர்கள். சுண்ணாம்புச் சாந்து பொடிந்து நிற்கிறது. ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி இடிபாடுகளும் அருகிலேயே உண்டு. மாலையில் இருட்டும் முன்பே போலீசார் அனுப்பிவிடுவார்கள், அதனால் சூரிய அஸ்தமனத்தை நம்பிப் போகாதீர்கள். காலைதான் சரி.

தேரிக்காட்டு மணல் கண்ணுக்கு ரத்தச் சிவப்பு, செல்போனில் காவி. ஏன்? – வாசகர், சாத்தான்குளம்

உங்கள் போன் அந்தச் சிவப்பைத் தவறு என்று நினைத்துத் திருத்துகிறது. படம் முழுக்க ஒரே நிறம் நிறைந்தால், தானியங்கி 'ஒயிட் பேலன்ஸ்' அதற்கு எதிர் நிறத்தைக் கலந்து சமன் செய்யப் பார்க்கும். 'ப்ரோ' முறைக்குப் போய், ஒயிட் பேலன்ஸை வெயில் குறியில், அதாவது 5,500 கெல்வின் அருகே நிறுத்தி வையுங்கள். வெளிச்ச அளவை (EV) மூன்றில் இரண்டு 'ஸ்டாப்', அதாவது –0.7க்குக் குறையுங்கள். குறைக்காவிட்டால் சிவப்பு நிரம்பி வழிந்து, மணலில் காற்று போட்ட வரிகள் அழிந்து ஒரே பூச்சாகிவிடும். சிவப்புக்குக் காரணம், மணல் துகள்களின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. மழை பெய்து ஈரம் காயாத மணல் இன்னும் அடர் சிவப்பாகத் தெரியும்.

போக வேண்டிய இடம், திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி, தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் பக்கம். அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் வேலை நேரம். வெயில் தாழ்ந்தால்தான் மணல் வரிகளுக்கு நிழல் விழும். மதியம் படமும் தட்டை, காலும் பொசுங்கும். முதல் படத்தை எடுக்கும்வரை ஒருவரையும் மேட்டில் ஏற விடாதீர்கள். ஒரு கால்தடம் பட்டால் அடுத்த காற்று வரும்வரை அது அப்படியே இருக்கும். மேட்டின் அடிவாரத்தைச் சுற்றி நடந்து, தடம் கேமராவின் முதுகுப் பக்கம் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக நிற்கும் ஒரு பனை கிடைத்தால் அதுவே போதும், அதற்கு மேல் எதையும் படத்தில் சேர்க்க வேண்டாம்.

ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். வரிகள் அழகாக விழுவது அப்போதுதான், ஆனால் கேமராவுக்குப் பாலித்தீன் உறை கட்டாயம். எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பதால், காரை நிறுத்திய இடத்தைப் போனில் குறித்துவிட்டு நடங்கள். வனத்துறை நிலம் அது; பீடியோ நெருப்போ வேண்டவே வேண்டாம். மாசியிலிருந்து கோடைவரை போனால் உடன்குடிப் பக்கம் பதநீர் கிடைக்கும்.

அய்யனார் கோயில் குதிரைகளைப் படம் எடுக்கலாமா? ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கம். – வாசகி, பெங்களூரு

கேட்டுவிட்டு எடுத்தால் யாரும் கோபிப்பதில்லை. செருப்பை எல்லைக்கு வெளியே விடுங்கள், பூசாரியோ பக்கத்தில் இருக்கும் பெரியவரோ யாராவது இருந்தால் "படம் எடுத்துக்கலாமா ஐயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சன்னிதி உள்ளே வேண்டாம், வெளியே நிற்கும் குதிரைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில கோயில்களில் பெண்கள் குறிப்பிட்ட இடத்துக்கு மேல் போகும் வழக்கம் இல்லை. அதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை 33 அடி உயரம். மாசி மகத்துக்குப் போனால் காகிதப்பூ மாலைகள் குவிந்து குதிரையே மறைந்திருக்கும். உயரமான குதிரையின் காலடியில் நின்று அகல லென்ஸில் எடுத்தால் கால் யானைக்கால், தலை குருவித்தலை. முப்பதடி பின்னால் போய் 2எக்ஸ் ஜூமில் எடுங்கள்.

எங்களுக்கு அதைவிடப் பிடித்தவை புதுக்கோட்டை வட்டாரத்துச் சுடுமண் புரவிகள். நமணசமுத்திரத்தில் வரிசையாக நிற்கின்றன. புரவி எடுப்புக்காக (அய்யனாருக்கு மண்குதிரை செலுத்தும் விழா) வேளார்கள் என்னும் மண்பாண்டக் கலைஞர்கள் செய்து கொடுத்தவை. உள்ளே வெறும் கூடு. கால், உடல், கழுத்து என்று ஒட்டிய மூட்டும், கழுத்துமணிச் சரத்தை ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டிய கட்டைவிரல் தடமும் கிட்டே போனால் தெரியும். அந்தத் தடத்தை எடுங்கள். ஆனால் தொடாதீர்கள், குழந்தையை மேலே உட்கார வைக்கவே வேண்டாம். பழைய சுடுமண், கை வைத்தாலே காது கழன்றுவிடும். மரநிழலில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும் நேரத்தைவிட, மேகமூட்டம் உள்ள நேரம் மேல்.

மனோராவை நெப்போலியனுக்காகக் கட்டினார்களாமே, உண்மையா? – வாசகர், பட்டுக்கோட்டை

நெப்போலியனின் வீழ்ச்சிக்காக. ஆங்கிலேயரின் நண்பராக இருந்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, சரபேந்திரராஜன்பட்டினம் கடற்கரையில் எழுப்பிய எட்டு அடுக்கு அறுகோணக் கோபுரம் அது. கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1814. வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூனில், ஆகவே 'வாட்டர்லூ நினைவுச்சின்னம்' என்று படத்துக்குக் கீழே எழுதிவிடாதீர்கள். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். தள்ளி நின்று, கேமராவை மட்டமாகப் பிடித்து, கீழே மிஞ்சும் தரையை வெட்டி எறியுங்கள்.

முப்பந்தலில் எடுத்த காற்றாலைகள் எல்லாம் நின்றுபோன மாதிரி இருக்கின்றன. – வாசகர், நாகர்கோவில்

பகல் வெயிலில் ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குப் போய்விடும், இறக்கை உறைந்துவிடும். முக்காலி வைத்து, வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு, பதினைந்தில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு நொடி வரை வையுங்கள். தூண் கூர்மையாகவும் இறக்கை கலங்கியும் விழும். வைகாசி முதல் புரட்டாசி வரை காற்றுக்குக் குறைவிராது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஊர்ச்சாலைக்குள் இறங்கிவிடுங்கள்.

ட்ரோன் கொண்டுபோகலாமா? – வாசகர், கோவை

250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு எண் வேண்டும். 2 கிலோவுக்கு மேல் என்றாலோ வணிக வேலைக்கு என்றாலோ இயக்குபவர் சான்றிதழும் வேண்டும். எடை எதுவானாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை தள வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதி) என்று பார்த்தே பறக்கவிட வேண்டும். தொல்லியல் துறைச் சின்னங்களுக்கு மேல் முன் அனுமதி இல்லாமல் கூடாது. அங்கே முக்காலிக்கும் அனுமதி கேட்பார்கள். இந்தப் பயணத்துக்கு ட்ரோன் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

கழுகுமலை வெட்டுவான் கோயில், சாத்தனூர் கல்மரம் – இரண்டுக்கும் எந்த நேரம்? – வாசகி, விருதுநகர்

வெட்டுவான் கோயில் மலையைக் குடைந்து, மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து பாதியில் நின்றுபோன பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் கோயில். சுற்றிலும் பாறைச் சுவர் இருப்பதால் அதிகாலையில் பள்ளம் இருண்டு கிடக்கும். ஒன்பதரை முதல் பதினொன்று வரை போங்கள். விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை 3எக்ஸ் ஜூமில் தனியாக எடுங்கள். பிறகு அகலமாக ஒன்று: மேலே முடிந்த சிற்பமும் கீழே செதுக்காத பாறையும் ஒரே சட்டத்தில் வர வேண்டும்.

சாத்தனூர், பெரம்பலூர்–திருச்சி நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே உள்ளே போக வேண்டும். சுமார் 12 கோடி ஆண்டுப் பழைமையான மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. நின்ற இடத்திலிருந்து போனைத் திருப்பிப் பனோரமா எடுத்தால் மரம் நடுவில் புடைத்து வளைந்துவிடும். மரத்துக்கு இணையாக இரண்டிரண்டு அடி நகர்ந்து பத்துப் படம் எடுத்து, கணினியில் ஒட்டுங்கள். அல்லது ஒரு முனையில் தரையோடு தரையாக அமர்ந்து நீளவாக்கில் எடுங்கள், மறுமுனையில் ஓர் ஆள் நின்றால் நீளம் தெரியும். கீழே கிடக்கும் துண்டு ஒன்றைக்கூடப் பையில் போடாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம்.