ஒரு பொய் முறைப்பாடும் அதற்குப் பின் வரும் பெண்களும்

கேள்வி: பாலியல் தொல்லை பற்றிய ஒரு முறைப்பாடு பொய்யென்று தெரிந்துவிட்டால், அடுத்து முறையிடும் பெண்ணை ஊர் நம்புமா?

நம்பாது. இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள் சொல்கிறேன். ஆனால் அந்தப் பழி முழுவதையும் பொய் சொன்ன ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

எங்கள் தோட்டத்தில் சீட்டுப் பணத் தகராறில் ஒருத்தி கணக்கப்பிள்ளை மீது பொய் முறைப்பாடு கொடுத்தாள். அவர் விளக்கமறியலுக்குப் போனார். மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். முறையிட்டவள் சொன்ன நேரத்தில் அவர் வைத்தியசாலையில் இருந்ததைப் பதிவேடு காட்டிய பிறகே விடுவித்தார்கள். அந்தக் குடும்பம் பட்டது கொஞ்சமல்ல. பொய்க் குற்றச்சாட்டுக்குத் தண்டனைச் சட்டக்கோவையில் தண்டனை இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

பிறகொரு நாள் கொழுந்து மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் இடுப்பில் கங்காணி கை வைத்தார். அவள் கூடையைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே சொன்னாள். நிறை எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "உனக்கு எவ்வளவு சீட்டுப் பாக்கி?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், பெண்களும்தான். அன்று மாலையே தோட்டத் தலைவர் வீட்டில் சமாதானம். பொலிசுக்குப் போனால் கல்யாணம் நடக்காது என்று சொல்லித் தாயின் வாயை அடைத்தார்கள். கொஞ்ச நாளில் லயமெல்லாம் ஒரே பேச்சு: "உண்மையென்றால் ஏன் பொலிசுக்குப் போகவில்லை?" போகவிடாமல் தடுத்தவர்களே கேட்டார்கள். இன்று அந்தத் தோட்டத்தின் கணக்கில் பொய் இரண்டு.

எனக்குப் பொறுக்காதது இந்தக் கணக்குத்தான். அமெரிக்காவில் டேவிட் லிசாக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பல்கலைக்கழகத்தில் 10 ஆண்டுகளில் வந்த 136 முறைப்பாடுகளை எடுத்துப் பார்த்தது. பொய்யென வகைப்படுத்தப்பட்டவை 8. மேலே போகாமல் நின்றுபோனவை 61. அந்த 61ஐயும் பொய்யோடு சேர்த்துவிட்டால் எந்தப் பெண்ணையும் நம்ப வேண்டியதில்லை.

சாட்சி இல்லாமல் வழக்கில்லை என்று தலைவர்மார் சொல்வதும் தவறு. ஒன்றை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டுமென்று விதியில்லை. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவைப் பாருங்கள்.

ஒரு பிள்ளை வந்து சொன்னால் தலைவர் வீட்டுக்குப் போகாதீர்கள், பொலிசுக்குப் போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். வன்புணர்வு நடந்திருந்தால் குளிக்கும் முன், உடுப்பைத் துவைக்கும் முன் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929.