ஒரு வீட்டுக்கு மூன்று இரவுச் சாப்பாடு எதற்கு?

கேள்வி: வேலை முடிந்து வீடு வர ஆறரை ஆகிவிடுகிறது. 4 வயது மகன் வெறும் சோறு, முட்டை தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறான். 7 வயது மகள் காய்கறியைப் பொறுக்கி ஓரம் கட்டுகிறாள். ஆளுக்கொன்றாகச் சமைத்து முடிக்க எட்டரை ஆகிறது. சீக்கிரம் செய்யக்கூடிய, இருவரும் சாப்பிடுகிற சாப்பாடு இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: இருவருக்கும் பிடித்த ஒரே சாப்பாட்டைத் தேடி அலையாதீர்கள். அப்படி ஒன்று கிடைத்தாலும் பத்து நாளில் சலித்துவிடும். உங்கள் நேரம் போவது ஆளுக்கொரு சமையலில்தான். முதலில் அதை நிறுத்துங்கள்.

ஒரே சமையல் செய்யுங்கள், ஆனால் எதையும் கலக்காதீர்கள். சோறு ஒரு கிண்ணம், முட்டை ஒரு கிண்ணம், வெந்த பட்டாணி ஒரு கிண்ணம் என்று தனித்தனியாக நடுவில் வையுங்கள். கலந்த சாப்பாட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே பயம். பெரியவர்கள் தங்கள் தட்டில் கலந்து, காரம் சேர்த்துக்கொள்ளலாம். மகன் நிச்சயம் சாப்பிடுகிற ஒரு பண்டம் அதில் இருந்தால் போதும். அதை மட்டும் சாப்பிட்டு எழுந்தாலும் சரி, வேறு சமைத்துத் தராதீர்கள்.

நேரக் கணக்கு இதுதான். வந்ததும் சோற்றை அடுப்பில் ஏற்றுங்கள், 20 நிமிடம். பக்கத்து அடுப்பில் முட்டை, 10 நிமிடத்தில் கெட்டியாக வெந்துவிடும். ஃப்ரோசன் பட்டாணிக்கு 3 நிமிடம். மிஞ்சிய சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் இரவுக்கு ஆகும். ஆவி பறக்கச் சூடாக்குங்கள், அதுவும் ஒரே முறை.

அந்த 20 நிமிடம்தான் முக்கியம். பசியோடு காலைச் சுற்றி வருகிற பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்தால் அன்றைய சாப்பாடு போச்சு. மெல்லிசாக நறுக்கிய வெள்ளரிக்காயை ஒரு தட்டில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். "சாப்பிடு" என்று சொல்லக்கூட வேண்டாம், பசியில் கை தானாகப் போகும். (கேரட் என்றால் மகனுக்கு வேகவைத்தோ துருவியோ கொடுங்கள், பச்சைத் துண்டு தொண்டையில் சிக்கும்.)

அப்புறம், சாப்பிட உட்காரும் நேரம். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொன்ன பங்கீட்டைத்தான் நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க எளிது, கடைப்பிடிப்பது கஷ்டம். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பது நம் வாயில் தானாக வந்துவிடும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் சிறு பிள்ளைகளுக்கு சூப் கொடுத்தார்கள். முடிக்கச் சொல்லி வற்புறுத்தியபோது அவர்கள் குறைவாகவே குடித்தார்கள், அந்த சூப்பைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள்.

புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது 2 முதல் 6 வயது வரை சகஜம். ஒரு காய் பழக 10, 15 முறை கண்ணில் பட வேண்டியிருக்கும். நாம் நாலைந்து முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவுகட்டி விடுகிறோம். ஒரு பட்டாணியை மகன் விரலால் உருட்டுவான், நசுக்குவான், முகர்வான், நாக்கு நுனியில் வைத்துத் துப்புவான். திட்டாதீர்கள். அவன் பழகிக்கொண்டிருக்கிறான். தட்டில் இரண்டே இரண்டு பட்டாணி வைத்தால் போதும், மலைப்பு இருக்காது.

மகளுக்கு வழி வேறு. "இன்றைக்குப் பட்டாணியா, பீன்ஸா?" என்று அவளையே தேர்ந்தெடுக்கவிடுங்கள், பரிமாறுவதும் அவளாகவே செய்யட்டும்.

பாலையும் கவனியுங்கள். சின்னவன் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்தால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிருக்காது. எடை குறைந்தாலும், விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவுகளையும் ஒவ்வொன்றாக விட்டாலும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.