மீட்டரைத் திருப்பி விற்ற ஸ்போர்ட்ஸ் கார்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. கோவையில் பம்ப் உதிரிபாகத் தொழில். கூரை திறக்கும் கார் ஒன்று ஓட்ட வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. நான்கு மாதங்களுக்கு முன்பு பெங்களூரில் பழைய கார் விற்கும் கடை ஒன்றில் 2013 மாடல் பி.எம்.டபிள்யூ. இசட்4 பெட்ரோல் காரை 18 லட்சத்துக்கு வாங்கினேன். இரண்டே இருக்கை. 38,000 கி.மீ. ஓடியது என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். முதல் மழையிலேயே டிக்கிக்குள் தண்ணீர். கேட்டதற்கு, "ரப்பர் மாத்தினா சரியாயிடும் சார்" என்றார்கள். இரண்டு வாரம் முன்பு சர்வீஸுக்கு விட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பே இந்த கார் 71,000 கி.மீ. ஓடியிருப்பதாகப் பழைய பதிவு காட்டுகிறது என்று சொல்கிறார்கள். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது, அதில் பேங்க் ஹைப்போதிகேஷனும் (கடனுக்குக் கார் ஈடு என்ற பதிவு) இருக்கிறது. சைலன்சரையும் மாற்றியிருக்கிறார்கள் போல, சத்தம் பயங்கரம். "உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? ஆனாலும் சார், போன ஞாயிறு கூரையைத் திறந்துவிட்டு வால்பாறை போய் வந்தோம். அந்தச் சந்தோஷமே தனி. கடைசியாக ஒன்று: நான்கு வயதுப் பேத்தியை என் மனைவி மடியில் வைத்துக்கொள்ள, ரேஸ்கோர்ஸ் சாலையை ஒரு சுற்று வரலாமா?

பதில்: முதலில் அந்த வால்பாறைப் பயணத்துக்கு வருகிறேன். 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் தடுப்புச் சுவரில் உரசியிருந்தால்கூட, காரின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு ரூபாய் பெயர்ந்திருக்காது. பாலிசி பழைய ஓனர் பெயரில் இருக்கிறது. காரை விற்றுப் பணம் வாங்கிவிட்டவருக்கு அதில் நஷ்டம் ஏதும் இல்லை. உங்களுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தமே இல்லை. வாகனம் கைமாறினால் பாலிசியும் கூடவே கைமாறியதாகக் கருத வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அது மூன்றாம் நபருக்கு நேரும் இழப்புக்குத்தான் உதவும், சொந்தச் சேதத்துக்கு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். நான்கு மாதம் போய்விட்டது, நாளைக் காலையில் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பழைய ஓனருடைய நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவருக்குத்தான் சொந்தம், காரோடு வராது. அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். கட்டிவிடுங்கள்.

வால்பாறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மீட்டர் மோசடி உங்களுக்குத் தெரிந்தது இரண்டு வாரம் முன்பு. நீங்கள் மலையேறியது போன ஞாயிறு. அதாவது, ஏமாற்றப்பட்டது தெரிந்த பிறகும் காரை உங்கள் கார் என்றே வைத்து அனுபவித்திருக்கிறீர்கள். ஏமாற்றி வாங்கிய சம்மதம் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை ஒப்பந்தச் சட்டம் 19-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் விஷயம் தெரிந்த பிறகும் பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தினால், "அவர் ஒத்துக்கொண்டுவிட்டார்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். நான் அந்தப் பக்கம் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-வது பிரிவும் இதே கதைதான்: நியாயமான காலத்துக்குள் "வேண்டாம்" என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அதற்கப்புறம் நஷ்டஈடு கேட்கலாம், காரைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம். வால்பாறைப் படங்களை ஸ்டேட்டஸில் போட்டிருந்தால் அவையும் ஒருநாள் கோர்ட்டுக்கு வரும்.

ஆகவே காரைத் திருப்பிக் கொடுக்கப்போகிறீர்களா, வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கப்போகிறீர்களா என்பதை இந்த வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். ஓட்டிக்கொண்டே திருப்பிக் கொடுக்கவும் முடியாது. முடிவெடுக்கும்வரை கார் ஷெட்டில் நிற்கட்டும்.

எதை வைத்து முடிவெடுப்பது? மீட்டரை வைத்து அல்ல என்பேன், ஹைப்போதிகேஷனை வைத்து. ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கடன் எப்போதோ அடைந்து, பதிவிலிருந்து நீக்க மட்டும் மறந்திருக்கலாம். அப்படியென்றால் பேங்கின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் போதும், அலைச்சல்தானே தவிர ஆபத்து இல்லை. கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு. தவணை நின்றால் பேங்க் தேடி வரப்போவது உங்கள் ஷெட்டுக்கு. பேங்க் எழுத்தில் சம்மதிக்காமல் பெயர் மாற்றமும் நடக்காது. பழைய ஓனரை நேரில் பாருங்கள். கடைக்காரரை நம்பாதீர்கள், அவர் நான்கு மாதமாக "ஆர்.சி. வந்துடும்" என்றுதான் சொல்கிறார். லோன் கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். நிலுவை இருந்தால் தயங்காமல் காரைத் திருப்பிக் கொடுக்கும் வழிக்குப் போங்கள். சொல்லாத கடன் எதுவும் பொருள்மேல் இல்லை என்ற உத்தரவாதம் ஒவ்வொரு விற்பனையிலும் உள்ளடங்கியதாகச் சட்டம் கருதுகிறது. சரக்கு விற்பனைச் சட்டம் 14-வது பிரிவு. தாளில் எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை.

பழைய ஓனர் உங்களைப் பார்க்க மறுப்பார் என்று நினைக்காதீர்கள். உங்களைவிட அவருக்குத்தான் பயம் அதிகம் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கார் கைமாறிக் கைமாறிப் போயிருந்தாலும் அதுதான் நிலை. வால்பாறையில் யார்மீதாவது இடித்திருந்தால் பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்குத்தான் சம்மன் போயிருக்கும். வேகத்துக்கான இ-சலானும் அவர் போனுக்குத்தான் போகும். இதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், பெயர் மாற்றத்துக்கு அவர் தர வேண்டிய ஆதார் ஓ.டி.பி. சீக்கிரம் வரும்.

கடைக்காரர் பக்கமும் ஒரு பிடி இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும். ஓனர் காரை அவர்களிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், விற்கும்வரை அவர்களே ஓனர் என்று கருதப்படுவார்கள். அவர்களுடைய அங்கீகார எண்ணை எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் உங்களுக்கு ஒரு சாட்சி.

இனி மீட்டர். உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான ஆயுதம் இது. "உள்ளது உள்ளபடியே" தாளைப் பார்த்து மிரள வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் கீறல், தேய்ந்த டயர், கிழிந்த சீட் இவற்றுக்கு அந்தத் தாள் அவர்களைக் காப்பாற்றும். மீட்டரைத் திருப்பி வைப்பது உண்மையை முனைந்து மறைப்பது. ஒப்பந்தச் சட்டம் 17-வது பிரிவுப்படி அது மோசடி, மோசடிக்கு யாரும் முன்கூட்டிக் கையெழுத்து வாங்கிவிட முடியாது. "வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டரில் விசாரித்திருக்கலாமே" என்றும் கேட்பார்கள். வெறுமனே வாய்மூடி இருந்த மோசடிக்குத்தான் அந்த வாதம் பொருந்தும், கைவைத்துத் திருப்பியதற்குப் பொருந்தாது. திருப்பியது நாங்கள் இல்லை, பழைய ஓனர் என்று கடைக்காரர் கைகழுவப் பார்ப்பார். இருக்கட்டும், இருவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். ஒருவர்மேல் ஒருவர் பழிபோடும்போது பாதி உண்மை தானாக வெளியே வரும்.

ஆதாரத்தில் கவனம் வேண்டும். சர்வீஸ் சென்டர்காரர் வாயால் சொன்னது செல்லாது. சேசிஸ் எண், தேதி, அன்றைய கி.மீ. மூன்றும் இருக்கும் சர்வீஸ் வரலாற்றை முத்திரையுடன் வாங்குங்கள். இந்தக் காரின் சாவிக்குள்ளேயே ஓடிய கி.மீ. பதிவாகும். அதையும் படித்துத் தரச் சொல்லுங்கள், மீட்டரைத் திருப்புகிறவர்கள் பல நேரம் சாவியை மறந்துவிடுவார்கள். இரண்டாவது சாவியும் கொடுத்திருக்கிறார்களா? விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் அதே போனில் அழியாமல் இருக்கட்டும். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63-வது பிரிவின்படி சான்று இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

டிக்கியில் தண்ணீர் விஷயத்தில் உங்களுக்கு நான் ரொம்ப நம்பிக்கை தர மாட்டேன். நானும் ஒரு காலத்தில் துணிக்கூரை ஜிப்ஸி வைத்திருந்தவன், நனைந்த அனுபவம் உண்டு. கூரை திறக்கும் காரில் தண்ணீர் வடியச் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கும். மரத்தடியில் நிறுத்தி நிறுத்தி அவற்றில் சருகு அடைத்துக்கொள்ளும். ரப்பரும் பத்து வருடத்தில் இறுகிப்போகும். வாங்கும் அன்று கூரையை மூடி இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கிக் கையால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தால் தெரியும் குறைக்கு, பார்த்து வாங்கியவர் பிறகு புகார் சொல்ல முடியாது என்பதுதான் சட்டம். 71,000-த்துக்கு முன்னால் இந்தத் தண்ணீரைப் பெரிதாக்கினால் உங்கள் வழக்குதான் நீர்த்துப்போகும். ரிப்பேர் பில்லை ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும்.

வழக்கு எங்கே? கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். நுகர்வோர் வசிக்கும் ஊரிலேயே புகார் தர 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு இடம் தருகிறது. கொடுத்த விலை 50 லட்சம்வரை மாவட்ட ஆணையம். 18 லட்சத்துக்குக் கட்டணம் வெறும் 400 ரூபாய். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு வருடம். காரை உங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கியது நல்லதாகப் போயிற்று. கம்பெனி கணக்கில் வாங்கியிருந்தால் "வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை" என்று ஒரு வருடம் இழுத்திருப்பார்கள். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் அதைவிட அதிகம் ஆகும்.

அதற்கு முன் இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியுடன் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். கடனும் மோசடியும் சேர்ந்திருந்தால் முழுப்பணமும் கேளுங்கள். கடன் அடைந்திருந்தால், 38,000 ஓடிய காருக்கும் 71,000-க்கு மேல் ஓடிய காருக்கும் உள்ள விலை வித்தியாசம், ரிப்பேர், பெயர் மாற்றச் செலவு, மன உளைச்சல் என்று கேளுங்கள். இரண்டு வழியில் உங்களுக்குப் பிடித்தது எது என்பது கடிதத்தைப் படித்த எனக்கே தெரிகிறது. போலீஸ் புகாரும் தரலாம், பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் ஏமாற்றுதல் வரும். "இது சிவில் விவகாரம், போங்க" என்று ஸ்டேஷனில் சொல்ல வாய்ப்பு அதிகம் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் பேப்பர் வேலை நிறைய இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்கு 29, 30, கோவையில் புது எண்ணுக்கு 27. வாங்கியவர் 30 நாளுக்குள் தன் ஊர் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்திருக்க வேண்டும், அந்த அபராதம் கட்டித்தான் ஆக வேண்டும். "12 மாதம்வரை கே.ஏ. எண்ணோடு ஓட்டலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது எண் மாற்றுவதற்கான காலம், பெயர் மாற்றத்துக்கு அந்தச் சலுகை இல்லை. தமிழ்நாட்டு ஆயுள் வரியை 18 லட்சத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். காரின் புது விலையும் வயதும் சேர்ந்துதான் தொகை வரும். 2023 நவம்பருக்குப் பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம், பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கணக்கைப் போட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் முடிவெடுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது. 2028-ல் 15 வருடம் முடிகிறது. இறக்குமதிக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் சாதாரணக் காரைவிடப் பல மடங்கு, அதையும் மனதில் வையுங்கள்.

சைலன்சரைக் கழற்றி ஒரிஜினலைப் போட்டுவிட்டுத்தான் காரை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றியது நீங்களாக இல்லாவிட்டாலும் சாலையில் மாட்டப்போவது நீங்கள்தான். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், ஆறு மாதம்வரை சிறைக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் இடம் இருக்கிறது.

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ரேஸ்கோர்ஸைச் சுற்றக் கூடாது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட் போடாமலோ குழந்தை இருக்கை இல்லாமலோ ஏற்றினால் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். அதைவிட, மடியில் இருக்கும் குழந்தை ஏர்பேக்குக்கும் பாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பயணி பக்க ஏர்பேக்கை அணைக்க உங்கள் காரில் வசதி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். இருந்தால், ஆர்.சி.யும் பாலிசியும் உங்கள் பெயருக்கு வந்த பிறகு, குழந்தை இருக்கை ஒன்று வாங்கி மாட்டி நீங்களும் பேத்தியும் மட்டும் ஒரு சுற்று போய் வாருங்கள். பாட்டி அந்த ஒரு சுற்றுக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும்.